குளத்து அளவீடுகளுக்கு ஒரு தரவுத்தளம்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள சில குளங்களிலும் பழையாற்றிலும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை தண்ணீரை அளந்து வருகிறோம். மூன்று ஆண்டு கழித்து ஒருவர் எங்களிடம் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "தேரூர் குளத்தில் ஜூன் மாத மின்கடத்துதிறன் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியிருக்கிறது?" மின்கடத்துதிறன் என்பது தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. எங்களிடம் 41 எக்செல் கோப்புகள் இருந்தன. பதில் எடுக்க மூன்று வாரம் ஆனது. எடுத்த பதிலும் தப்பு. ஒரு கோப்பில் 420 என்று இருந்தது, அடுத்த கோப்பில் 0.42. முதலாவது மைக்ரோ சீமென்ஸ், இரண்டாவது மில்லி சீமென்ஸ். இரண்டும் ஒரே அளவுதான். அதைக் கவனிக்காமல் நாங்கள் சராசரி போட்டுக் கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் கொண்டுவர ஐந்து மாதம் பிடித்தது. இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் எட்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்புகிறேன். நான் எழுதுவது தண்ணீர் அளவீட்டைப் பற்றி. மழைமானி, காற்று, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கதிர்வீச்சு என்று வேறு எதை அளந்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

1. கணினியைத் திறக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள் (ஒரு நாள்)

ஒரு தாளில், இந்தத் தரவுத்தளம் எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஐந்தாறு எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். "நீரின் தரத்தைக் கண்காணித்தல்" என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. "பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்த பிறகு குளத்து உப்புத்தன்மை எத்தனை நாளில் இறங்குகிறது?" என்று எழுதினால், களத்தில் "கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா?" என்று ஒரு கட்டம் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மணக்குடியில் நாங்கள் பட்டது இதுதான். பழையாறு கடலில் சேரும் இடத்தில் இரண்டு ஆண்டு உப்புத்தன்மை அளந்தோம். ஒரு மாதம் எண் மிக உயர்ந்திருக்கும், அடுத்த மாதம் பாதிகூட இருக்காது. பொழி (ஆற்றின் கடல்வாய்) திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா, ஏற்றமா வற்றமா என்று யாரும் குறிக்கவில்லை. அங்கே இருக்கும் மீனவர் எவரைக் கேட்டாலும் அந்த நிமிடமே சொல்லியிருப்பார். இன்று அந்த இரண்டு ஆண்டு எண்களையும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை.

அதனால் எந்த இடத்தில் அளக்கப்போகிறீர்களோ அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் "தண்ணீர் எப்போது மாறும், எதனால் மாறும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதெல்லாம் உங்கள் படிவத்தில் ஒரு கட்டமாக வர வேண்டும். எங்கள் படிவத்தில் இப்போது பொழியின் நிலை, கால்வாய் ஓட்டம், மறுகால் (குளம் நிரம்பி உபரி நீர் வெளியேறும் வழி) பாய்கிறதா, தாமரையோ ஆகாயத்தாமரையோ எவ்வளவு மூடியிருக்கிறது, கடந்த 24 மணி நேரத்தில் மழை பெய்ததா ஆகிய ஐந்தும் கட்டாயம்.

2. கடிதங்களை இப்போதே கொடுத்துவிடுங்கள் (நான்கு முதல் ஆறு வாரம்)

மென்பொருள் வேலை உங்கள் கையில் இருக்கிறது, அனுமதி உங்கள் கையில் இல்லை. அதனால் முதல் வாரத்திலேயே கடிதம் போக வேண்டும். நாங்கள் இதைக் கடைசிக்கு வைத்தோம். ஒரு அலுவலகத்தில் கடிதம் மேசை மாறி மாறிப் போய் ஐந்து வாரம் ஆனது. அதற்குள் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மழைக்கு முந்தைய அளவீடு ஓர் ஆண்டுக்கு இல்லாமலே போனது.

பாசனக் குளமும் ஆறும் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. சிறிய குளம் என்றால் ஊராட்சி, பேரூராட்சி அல்லது மாநகராட்சி. யாருடைய குளம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி பகுதி பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதனால் அங்கே மாவட்ட வன அலுவலருக்கும் தனிக் கடிதம் வேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை, பறவைகள் வரும் இடங்கள். எத்தனை பேர், எந்த நேரம், எந்தக் கரை என்று கடிதத்திலேயே தெளிவாக எழுதினால் கேள்வி குறையும்.

கடிதத்தோடு வைக்க வேண்டியவை: அளக்கும் இடங்களைக் குறித்த வரைபடம், வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை நகலும், என்னென்ன அளப்பீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு. கல்லூரி ஏதாவது கூட இருந்தால் துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம். எல்லாவற்றையும் இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், இரண்டாவது படியில் தேதியோடு சீல் வாங்கி வாருங்கள். பின்னால் "கடிதமே வரவில்லையே" என்று யாராவது சொன்னால் அந்தச் சீல்தான் உங்களைக் காப்பாற்றும்.

பழைய அரசு அளவீடுகள் தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனுவில் "நீர்த்தர விவரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். இடம், ஆண்டு, அளவுரு (பிஹெச், நைட்ரேட் போல எதை அளந்தது என்பது) மூன்றையும் குறிப்பிட்டு, மின்னணு வடிவில் இருந்தால் அப்படியே தரும்படி கேளுங்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் வந்த எண்களை உங்கள் எண்களோடு ஒப்பிட முடியாது.

3. இடத்துக்கு ஒரு குறியீடு, ஒரு புள்ளி (இரண்டு நாள்)

பெயரை நம்பி இடத்தைப் பதிவு செய்யாதீர்கள். நம் மாவட்டத்தில் பெரியகுளம் என்றும் புத்தன்குளம் என்றும் எத்தனை ஊரில் இருக்கின்றன! ஒரே குளத்தை ஒருவர் ஊர்ப்பெயரிலும் இன்னொருவர் கோயில் பெயரிலும் எழுதுவார். எங்கள் கோப்புகளில் ஒரே குளம் ஆறு எழுத்துக்கூட்டலில் இருந்தது.

குறியீட்டில் அர்த்தம் எதையும் திணிக்காதீர்கள். முதலில் நாங்கள் தாலுகா எழுத்தைக் குறியீட்டில் சேர்த்திருந்தோம். பிறகு கல்குளத்திலிருந்து திருவட்டாரும் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் தனித் தாலுகா ஆயின, நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. எல்லை மாறும்போது குறியீடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். இப்போது எங்களுடையது ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் மட்டும்: கு001, கு002 என்று. எழுத்தில் தொடங்குவதற்குக் காரணம், வெறும் 001 என்று எழுதினால் எக்செல் அதை 1 ஆக்கிவிடும்.

நீர்நிலை வேறு, அளக்கும் புள்ளி வேறு. இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை வையுங்கள். ஒரு குளத்தில் படித்துறையில் எடுத்த தண்ணீரும் மடைப் பக்கம் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. "குளத்தில் எடுத்தது" என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வேறொருவர் போய் வேறு கரையில் எடுப்பார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புகைப்படம் எடுத்து, நிற்கும் இடத்தை வட்டமிட்டு வையுங்கள்.

ஆயத்தொலைவில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, 8 பாகை 10 நிமிடம் 30 விநாடி என்பதை 8.1030 என்று எழுதிவிடுவது. சரியான தசம எண் 8.175. இரண்டும் எட்டு கிலோமீட்டர் விலகிப்போகும். மற்றொன்று வரிசை மாறுவது. போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு வரைபட வசதி தருவது) முதலில் தீர்க்கரேகையைக் கேட்கும், பிறகு அட்சரேகை. நாம் பழக்கத்தில் அட்சரேகையை முதலில் கொடுப்போம். அப்படிக் கொடுத்தால் நாகர்கோவில் குளம் ஆர்க்டிக் பக்கத்துக் கடலில் போய் விழும். ஏற்றியவுடன் வரைபடத்தில் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள். சேமிக்க டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்சரேகை, தீர்க்கரேகை முறை) போதும். தூரமோ பரப்போ கணக்கிட, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் மண்டலம் 43 வடக்கு நம் மாவட்டத்துக்குச் சரி.

4. அட்டவணைகள்: ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி (ஒரு வாரம்)

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

எக்செல்லில் எல்லாரும் செய்வது போல, ஒரு நாளுக்கு ஒரு வரி போட்டு, பக்கவாட்டில் பிஹெச், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட் என்று அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நைட்ரேட்டை எந்த மீட்டரால் அளந்தது, எந்த அலகு, யார் அளந்தது என்று எழுத இடமே இருக்காது. புதிதாக ஃபுளோரைடு சேர்க்க வேண்டும் என்றால் அட்டவணையையே மாற்ற வேண்டும்.

அதனால் வரியைச் செங்குத்தாக வையுங்கள். ஒரு எண், அதற்கு ஒரு வரி. எங்களிடம் இருக்கும் முக்கிய அட்டவணைகள் இவை:

நீர்நிலை: குறியீடு, பெயர், மாற்றுப் பெயர்கள், வகை.

புள்ளி: குறியீடு, எந்த நீர்நிலை, ஆயத்தொலைவு, எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பயன்பாட்டில் இருந்தது.

வருகை: எந்தப் புள்ளி, தேதியும் நேரமும், யார் போனார்கள், வானிலை, பொழி, கால்வாய், மறுகால், தாமரை மூடல்.

மாதிரி: எந்த வருகை, பாட்டில் எண், ஆழம், இது உண்மை மாதிரியா, இரட்டை மாதிரியா (ஒரே தண்ணீரின் இரண்டாவது பாட்டில்), வெற்று மாதிரியா (சோதிப்பதற்காக வைக்கும் தூய நீர்).

அளவுரு: பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், நிலையான அலகு.

முறை: எப்படி அளந்தது, கண்டறியும் எல்லை (அந்த முறையால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) எவ்வளவு.

கருவி, கேலிபரேஷன்: எந்த மீட்டர், எந்தத் தேதியில் எந்தக் கரைசலால் சரிபார்த்தது, அப்போது என்ன காட்டியது.

முடிவு: எந்த மாதிரி, எந்த அளவுரு, எந்த முறை, எந்தக் கருவி, எண், அலகு, குறி, தரநிலை (அந்த எண்ணை நம்பலாமா என்ற குறிப்பு).

இந்தக் கடைசி அட்டவணைதான் வளர்ந்துகொண்டே போகும், மற்றவை சிறியவை. பார்ப்பதற்குப் பழைய மாதிரி அகல அட்டவணை வேண்டும் என்பவர்களுக்கு, இதிலிருந்து ஒரு வியூ (சேமித்ததை வேறு வடிவில் காட்டும் அட்டவணை) எழுதிக் கொடுத்துவிடலாம். சேமிப்பது ஒரு வடிவம், காட்டுவது வேறு வடிவம். இது பிடிபட எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

நேரம் கட்டாயம். வெறும் தேதி போதாது. பாசி நிறைந்த குளத்தில் கரைந்த ஆக்சிஜன் விடியலில் அடிமட்டத்தில் இருக்கும், மதியம் தாண்டினால் எகிறும். காலை ஆறு மணி எண்ணையும் மாலை மூன்று மணி எண்ணையும் நேரமில்லாமல் பக்கத்தில் வைத்தால் குளம் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். நேரத்தை நேர மண்டலத்தோடு சேமியுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்கென்றே தனி வகை இருக்கிறது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நாம் ஜூன் 3 காலை 5 மணிக்கு அளந்தது ஜூன் 2 இரவு 11.30 என்று வந்து நிற்கும். விடியல் அளவீடு எல்லாம் முந்தைய நாள் இரவுக்குப் போய்விடும்.

அட்டவணை, நெடுவரிசைப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல் வைப்பதே நல்லது. தமிழிலும் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழ் எழுத்துகள் மும்மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் கொஞ்சம் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். திரையில் தெரியும் தலைப்புகளைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், களத்துக்கு வருபவர்களுக்கு அதுதான் முக்கியம்.

எதையும் அழிக்காதீர்கள். தவறான எண் என்று தெரிந்தால் தரநிலை நெடுவரிசையில் "நிராகரிக்கப்பட்டது" என்று குறித்து, காரணம் எழுதுங்கள். திருத்தினால் பழைய எண், புதிய எண், யார், எப்போது, ஏன் என்று தனி அட்டவணையில் போக வேண்டும். நாளைக்கு ஓர் அதிகாரி முன்னால் இந்த எண்ணை வைக்கப்போகிறீர்கள். "இதை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் கையில் பதில் இருக்க வேண்டும்.

5. அலகும் "இல்லை" என்ற எண்ணும்

எங்கள் தவறுகளில் பாதி இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மின்கடத்துதிறன்: குளத்தில் சில நூறு மைக்ரோ சீமென்ஸ், கடல்நீரில் ஏறக்குறைய 50,000. பல மீட்டர்கள் எண் பெரிதானவுடன் தானே மில்லிக்கு மாறிவிடும். மணக்குடியில் அளந்துவிட்டு அப்படியே எண்ணை மட்டும் எழுதுகிறவருக்கு மாறியது தெரியாது. அலகையும் திரையைப் பார்த்தே எழுத வேண்டும். படிவத்தில் முன்கூட்டி அச்சடித்து வைக்காதீர்கள்.

டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) பேனா காட்டும் எண்ணை முக்கிய அளவாக வைக்காதீர்கள். அது மின்கடத்துதிறனை ஏதோ ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில பேனாவில் 0.5, சிலவற்றில் 0.7. கடத்துதிறனையே பதியுங்கள்.

நைட்ரேட்: இது கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களைப் பாதிக்கும் விஷயம். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே தருகின்றன, சில நைட்ரஜன் கணக்கில் தருகின்றன. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லும் வரம்பு 45 மி.கி./லி., நைட்ரேட் கணக்கில். நைட்ரஜன் கணக்கில் 11 என்று வந்த அறிக்கையை நாங்கள் 45க்கு மிகக் கீழே என்று எண்ணினோம். மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 49. அந்த வீட்டுக்குத் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் எங்களிடம் இரண்டு தனி அளவுருக்கள்.

பிஓடி (நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்): நம் நாட்டில் 27 பாகை செல்சியஸில் 3 நாள் முறையும் உண்டு, 20 பாகையில் 5 நாள் முறையும் உண்டு. முறை நெடுவரிசை காலியாக இருந்தால் அந்த எண்ணை ஏற்காதபடி வைத்துவிடுங்கள்.

"பிடிஎல்" என்று ஆய்வகம் எழுதியிருந்தால் கண்டறியும் எல்லைக்குக் கீழ் என்று பொருள். எண் கட்டத்தில் சொல்லை எழுதினால் கணக்கு நின்றுவிடும், பூஜ்யம் போட்டால் அது பொய். எண் கட்டத்தில் எல்லையைப் போட்டு, குறி நெடுவரிசையில் "குறைவு" அடையாளம் வையுங்கள். எல்லை 0.5 என்றால் எண் 0.5, குறி குறைவு. அளக்கவே இல்லை என்றால் அந்த வரியே வேண்டாம். பூஜ்யம், குறைவு, அளக்கவில்லை மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள்.

6. எந்த மென்பொருள், என்ன செலவு

இரண்டு பேருக்கு மேல் உள்ளீடு செய்ய மாட்டார்கள், ஒரே லேப்டாப் என்றால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும், அட்டவணையும் வரைபடமும் ஒன்றாக அடங்கும் ஜியோபேக்கேஜ் கோப்பும் போதும். செலவு பூஜ்யம். அட்டவணைகளை இணைக்கலாம், படிவமும் செய்யலாம், வரைபடமும் அங்கேயே. ஒரு எச்சரிக்கை: அந்தக் கோப்பைப் பகிர்ந்த கிளவுட் கோப்புறையில் வைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் கோப்பு கெட்டுவிடும்.

மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்), அதன்மேல் போஸ்ட்ஜிஐஎஸ். இரண்டும் இலவசம். கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்றில் நிறுவலாம், அல்லது சிறிய வாடகை சர்வர் எடுக்கலாம். நம் அளவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆண்டுச் சந்தா எடுக்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். சர்வர் எடுத்தவுடன் 5432 என்ற வாயிலை இணையம் முழுவதற்கும் திறந்து வைக்காதீர்கள். பார்க்க மட்டும் வருபவர்களுக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் கொடுங்கள்.

காசு கொடுத்து யாரிடமாவது செயலி எழுதி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதல் ஆண்டு வேண்டாம் என்பேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரு மழைக்காலம் முழுதும் அளந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன் எழுதி வாங்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாகக் காசு.

உண்மையான செலவு மென்பொருளில் இல்லை, ஆய்வகக் கட்டணத்திலும் கரைசல்களிலும் வண்டி பெட்ரோலிலும் இருக்கிறது. ஆய்வகத்திடம் ஒவ்வொரு அளவுருவுக்கும் தனித்தனி விலை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, கண்டறியும் எல்லை எவ்வளவு, எந்த முறை, அங்கீகாரச் சான்று அந்த அளவுருவுக்கும் உண்டா, இத்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனி. எந்தச் சோதனைக்கு உண்டு என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

7. களத்தாளும் போனும்

போனில் நிரப்ப கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே, க்யூஃபீல்டு மூன்றுமே நன்றாக வேலை செய்கின்றன. சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அனுப்பலாம். பேச்சிப்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு இது தேவைப்படும். படிவத்தில் புள்ளியைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எழுத்துக்கூட்டல் தொல்லை அன்றோடு தீரும்.

ஆனாலும் காகிதத்தை விடாதீர்கள். ஜூன் மழையில் புத்தேரிக் கரையில் நின்று நாங்கள் எழுதிய ஒரு தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஜெல் பேனா எழுத்து முழுதும் நீலமாகக் கரைந்து, "பிஹெச் 7." வரை தெரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பென்சில்தான். தாளை அன்றே படம் எடுத்து, கோப்பின் பெயரில் வருகை எண்ணைப் போட்டு, அந்தப் பெயரை வருகை அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிகளுக்கு நேரம்தான் எல்லாம். பிஹெச்சும் வெப்பநிலையும் அங்கேயே அளக்க வேண்டும். ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் (ரசாயனக் கரைசல்களால் அளப்பது) பார்ப்பதென்றால் கரையிலேயே அதற்கான இரண்டு கரைசலையும் ஊற்றி நிலைப்படுத்த வேண்டும். பிஓடி, கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே ஆய்வகம் சேர வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்தால் திங்கள்கிழமை வரை பாட்டில் காத்திருக்கும், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டோம். மாதிரி எடுத்த நேரம், ஆய்வகம் வாங்கிய நேரம் இரண்டையும் பதியுங்கள். இடைவெளி எவ்வளவு என்பதைத் தரவுத்தளமே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

8. பழைய எக்செல்லை ஏற்றுவது (நான்கு வாரம் ஒதுக்குங்கள்)

பழைய கோப்புகளின் அசலை அப்படியே ஒரு கோப்புறையில் பூட்டி வையுங்கள். நகலில் மட்டும் கை வையுங்கள்.

முதல் பொறி தேதி. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் 03/06/2023 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2023 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்பவை தேதி, இடப்பக்கம் நிற்பவை எழுத்து. ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்து இருந்தால் பாதித் தேதிகள் மாறிப்போய்விட்டன என்று எடுத்துக்கொண்டு களத்தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் மார்ச் என்றால் கால்வாய் வறண்டிருக்கும் காலம், ஜூன் என்றால் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் காலம். இந்த மாற்றம் சிறிய பிழை இல்லை. இனிமேல் 2023-06-03 என்றே எழுதப் பழகுங்கள்.

அப்புறம் தமிழ் எழுத்து. பழைய அறிக்கைகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். டேட்டா பட்டியிலிருந்து இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சிதைந்து தெரியும்போது சேமித்துவிட்டால் எழுத்து போனது போனதுதான்.

அலகு தெரியாத பழைய எண்களை ஊகித்து நிரப்பாதீர்கள். ஏற்றுங்கள், ஆனால் தரநிலையில் "அலகு உறுதியில்லை" என்று போட்டு, கணக்குகளில் சேராமல் வையுங்கள். எங்களிடம் அப்படி நின்றுபோன வரிகள் நிறைய. வருத்தமாகத்தான் இருக்கிறது.

9. சரிபார்ப்பு விதிகள் (இரண்டு நாள்)

விதிகள் இரண்டு வகை. நடக்கவே முடியாதவற்றைத் தரவுத்தளம் ஏற்கக் கூடாது: பிஹெச் 0க்குக் கீழோ 14க்கு மேலோ, எதிர்காலத் தேதி, இல்லாத புள்ளி, ஒரே மாதிரிக்கு ஒரே அளவுரு அதே முறையில் இரண்டு முறை. நடக்க வாய்ப்புக் குறைந்தவற்றை ஏற்று, கொடி மட்டும் காட்ட வேண்டும். 30 பாகைத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் சுமார் 7.5 மி.கி./லி. வரைதான் நிறையும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் பாசி பிடித்த குளத்தில் வெயில் நேரத்தில் 12ம் 14ம் உண்மையிலேயே வரும். நாங்கள் முதலில் 10க்கு மேல் எதையும் ஏற்காதபடி வைத்தோம். களத்தில் இருந்த மாணவி, படிவம் ஏற்கவில்லை என்று 9.9 எழுதிவிட்டு வந்தார். குற்றம் அவருடையது இல்லை, எங்கள் விதியினுடையது.

ஒன்றோடொன்று ஒப்பிடும் விதிகள் ஆய்வகப் பிழைகளை நன்றாகப் பிடிக்கும். பிஓடி சிஓடியை (ரசாயன முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) விட அதிகமாக இருக்க முடியாது. மலக் கோலிஃபார்ம் மொத்தக் கோலிஃபார்மை மிஞ்ச முடியாது. பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுத்து வேறு எண்ணில் அனுப்புங்கள். இரண்டும் 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் ஆய்வகத்தைக் கேளுங்கள்.

அரசு வகுத்த தரநிலை வரம்புகளை நிரலுக்குள் எழுதாமல் தனி அட்டவணையில் வையுங்கள். குளிப்பதற்கு கரைந்த ஆக்சிஜன் 5க்குக் குறையக் கூடாது, பிஓடி 3ஐத் தாண்டக் கூடாது என்பது ஒன்று, குடிநீர் வரம்பு வேறு. எந்த ஆண்டுத் தரநிலை என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

10. யாருக்குக் காட்டுவது, எங்கே காப்பது

கிணறு அளக்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரர் பெயர், போன் எண் இரண்டையும் தனி அட்டவணையில், தனி உரிமையோடு வையுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியம், நம்மை நம்பிக் கிணற்றடிக்கு விட்டவர் வீட்டு நைட்ரேட் எண் ஊருக்கெல்லாம் போகக் கூடாது. வெளியே கொடுக்கும்போது ஊர் அளவில் மட்டும் கொடுங்கள். பறவைக் கூடுகளின் துல்லியமான இடத்தையும் அப்படித்தான். கல்லூரியோடு சேர்ந்து செய்தால் தரவு யாருடையது, யார் வெளியிடலாம், பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு பக்க ஒப்பந்தம் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாணவர் படிப்பு முடிந்து போன பிறகு கேட்டால் சங்கடம்.

காப்புப் படி தினமும் இரவில் தானாக எடுக்கும்படி வையுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜி டம்ப் போதும். ஒரு படி சர்வரில், ஒரு படி வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒரு படி மாவட்டத்துக்கு வெளியே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்று படியையும் நாகர்கோவிலிலேயே வைத்திருந்தால் பயன் இல்லை.

மாதம் ஒருமுறை அந்தப் படியை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். எங்கள் படிகள் இரண்டு மாதம் வெற்றுக் கோப்பாகவே சேர்ந்துகொண்டிருந்தன, கடவுச்சொல் மாற்றியதை நிரலில் மாற்ற மறந்திருந்தோம். மீட்டெடுத்ததும் முடிவு அட்டவணையின் மொத்த வரிகளையும் கடைசி வருகைத் தேதியையும் அசலோடு ஒப்பிட்டு, பார்த்தவர் பெயரோடு களத்தாள் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.